ஐந்தாவது படம்

சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், சத்துணவுக் கூடத்துக்கு அடுத்த அறைதான் எங்கள் மையம். கதவைத் திறந்தால் முதலில் சாம்பார் வாசனை வரும், பிறகுதான் பிள்ளைகளுக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை. நடக்க முடியாத, கைகால் இறுகிப்போன, வளர்ச்சி பிந்திய பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் அங்கே பயிற்சி. கொடுப்பவள் நான். அரசாங்கக் காகிதத்தில் எனக்கு இயன்முறை மருத்துவர் என்று பெயர். ஊருக்கு நான் பிசியோ டீச்சர். பதினாறு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு நிரந்தரமானது முதுகுவலி மட்டும்தான்.

போன வருடம் தை மாதவாக்கில் மேலிடத்திலிருந்து புதிதாக ஒரு திட்டம் வந்தது. உடம்பில் குறையுள்ள பிள்ளை என்றால் எல்லாரும் அந்தக் குறையை மட்டுமே பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கும் பல் இருக்கிறது, தோல் இருக்கிறது, பசி இருக்கிறது, விளையாட ஆசை இருக்கிறது என்பது மறந்துபோகிறது. ஆகவே பிள்ளையின் மொத்த ஆரோக்கியத்தைப் பற்றியும் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான், கிண்டலாகச் சொல்லவில்லை. மேலேயிருந்து எது வந்தாலும் முகத்தைச் சுளிக்கிற நானே அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, இதை யாரோ பிள்ளை வளர்த்த மனுஷி எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்காக எட்டுப் பெரிய படங்கள் கோத்த ஒரு தொகுப்பைக் கொடுத்தார்கள். காலண்டர் மாதிரி ஸ்டாண்டில் மாட்டி, ஒவ்வொரு படமாக மேலே புரட்டிவிட்டுப் பாடம் நடத்த வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு படம், மே மாதம் விடுமுறை. பல் துலக்குவதில் தொடங்கி, குளிப்பாட்டுவது, சாப்பாடு, நடைப்பயிற்சி என்று போகும். ஐந்தாவது படம் காலும் தோலும். அதில் ஒரு தாய் மகளின் பாதத்தை மடியில் வைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் புண் வந்த பாதம் ஒன்றைச் சிவப்பாக வரைந்திருப்பார்கள். கீழே, உணர்ச்சியில்லாத கால்களைத் தினமும் பாருங்கள், வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள் என்று எழுதியிருக்கும்.

பத்துப் பதினைந்து தாய்மார்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. முப்பது வயது இருக்கும். புருஷன் விசைத்தறியில் வேலை பார்க்கிறார். இவள் வீட்டிலிருந்து நூல் சுற்றிக்கொடுக்கிறாள். ஒரே மகள், ஒன்பது வயது. அந்தப் பிள்ளை முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள். பிறந்த வாரத்திலேயே மதுரையில் ஆபரேஷன் செய்து மூடினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, புத்தியும் கத்தி மாதிரி. கணுக்காலுக்குக் கீழே மட்டும் பலமும் கிடையாது, உணர்ச்சியும் கிடையாது.

மூன்று வயதில் என்னிடம் வந்தபோது அவளுக்கு உட்காரத்தான் தெரியும். ஆறு வருடம் அவளோடு மல்லுக்கட்டி, கெஞ்சி, திட்டி, மிட்டாய் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் காப்பும் அதற்கு மேல் பூட்ஸும் மாட்டி நடக்கவைத்தேன். வாத்து மாதிரி ஆடி ஆடி நடப்பாள். யார் வந்தாலும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுவதற்கு என்னிடம் இருந்த ஒரே பிள்ளை அவள்தான். என் வேலை மேல் எனக்கே சந்தேகம் வருகிற நாட்களில் அவள் அறைக்குக் குறுக்கே நடந்து தண்ணீர் குடிக்கப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காலில் உணர்ச்சி இல்லை என்பது அவளுக்கு ஒரு வித்தை. பள்ளிக்கூடத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, "ஊசி வச்சி குத்துங்கட்டி, நான் அழுதா கேளுங்க" என்று தோழிகளிடம் பந்தயம் கட்டுவாள். என்னிடமும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "எந்த வெரல தொடுதியன்னு சொல்லட்டுமா டீச்சர்?" என்பாள். எப்போதும் தப்பாகவே சொல்லுவாள். இரண்டு பேரும் சிரிப்போம். இப்போது நினைத்தால் அதில் சிரிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை.

ஜூன் மாதம் நாலாவது படம், நடைப்பயிற்சி. அது என் சொந்தப் பாடம். எனக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. "நடக்க நடக்கத்தான் காலு. உக்கார வச்சா உக்காந்ததுதான். வலிக்கி, பாவம்னு தூக்கி இடுப்புல வைக்காதீங்க. நடக்க விடுங்க. நடைதான் மருந்து" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் பேசினேன். அந்தப் பிள்ளையை எழுப்பி எல்லார் முன்னாலும் நடக்கவைத்தேன். மற்றத் தாய்மார்கள் கை தட்டினார்கள். அவள் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போட்டோக்கள் மாவட்ட அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்குப் போயின. அங்கிருந்து கை கூப்பிய படமும் பூங்கொத்துப் படமுமாக வந்து விழுந்தன.

ஜூலை முதல் சனிக்கிழமை ஐந்தாவது படம். புரட்டி மாட்டிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் இருந்த ஒரு தாய், "என்ன டீச்சர், சுண்டல் வர்ற நேரத்துல புண்ண காட்டுதிய. கண்ணு கொண்டு பாக்க முடியல" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதே சமயம் போன் அடித்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து பேசினார்கள். போன மாதம் அனுப்பிய வீடியோ மங்கலாக இருக்கிறதாம், அந்தப் பெண் பிள்ளை நடப்பதைத் திரும்ப எடுத்து மத்தியானத்துக்குள் அனுப்பவேண்டுமாம்.

பாதத்தைப் பார்க்கும் பாடம் என்றால் பூட்ஸைக் கழற்ற வேண்டும். காப்பு, பட்டை, சாக்ஸ் எல்லாவற்றையும் திரும்ப மாட்டப் பத்து நிமிடம் ஆகும். வீடியோவுக்கு அவள் பூட்ஸோடு நடக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "சரி, இத அடுத்த மாசம் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லி, படத்தைத் திரும்ப நாலுக்கே புரட்டிவிட்டேன். பிள்ளை நடந்தாள், நான் வீடியோ எடுத்தேன், சுண்டல் வந்தது. வருகைப் பதிவேட்டில் பாடம் என்ற கட்டத்தில் கால், தோல் பராமரிப்பு என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். அந்த மாதத்துக்கு அந்தப் பாடம், அதனால் எழுதினேன். பதிவேட்டில் எழுதுவதும் நடந்ததும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிற எண்ணம் எங்கள் வேலையில் எப்போதோ போய்விட்டது.

அடுத்த சில நாட்களில் ஆடித்தபசுக்குக் கொடியேறியது. ஊரே அந்தப் பன்னிரண்டு நாளும் கோயிலைச் சுற்றும். ஊசி முனையில் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அம்மனுக்குக் கால் வலிக்குமே, அந்த வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்வோம் என்றுதான் இந்தச் சுற்று. நூற்றெட்டு சுற்றுகிறவர்கள் உண்டு, ஆயிரத்தெட்டு சுற்றுகிறவர்களும் உண்டு. இங்கே பிறந்த எனக்கு அது பண்டிகைக்குப் பலகாரம் செய்கிற மாதிரி ஒரு வேலை. கொடியேறினால் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போனேன். நல்ல வெயில். திறந்த பிரகாரத்தில் நார் விரிப்புப் போட்டுத் தண்ணீர் அடித்திருந்தார்கள். கூட்டம் முழுவதும் விரிப்பின் மேலேயே நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டாவது சுற்று வரும்போது எனக்கு முன்னால் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தாயும் மகளும். விரிப்பில் நடந்தால் கூட்டம் பிள்ளையை இடித்துத் தள்ளிவிடும் என்று, தாய் அவளை ஓரமாக, கல்லின் மேல், கையைப் பிடித்து நடத்தி வந்துகொண்டிருந்தாள்.

திரும்பி என்னைப் பார்த்ததும் பிள்ளைக்கு முகமெல்லாம் பல். "டீச்சர், அஞ்சு சுத்து முடிச்சிட்டேன்!" என்றாள்.

"நீங்க சொன்னியல்லா டீச்சர், நடதான் மருந்துன்னு" என்றாள் தாய். "நூத்தியெட்டு நேந்திருக்கு. ஒரு நாளைக்கி ஒம்பது. சாயங்காலம் வருவோம், இன்னைக்கி நூலு வாங்க ஆளு வந்துருவாவன்னு இப்பமே வந்துட்டோம். பூட்ஸ வெளிய செருப்பு வைக்கிற எடத்துல குடுத்துருக்கேன். காப்பு இல்லாமயே நடக்கா பாருங்க."

பக்கத்தில் வந்த ஒரு வயதான பெண் பிள்ளையின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வலிக்கலயா தாயி?" என்று கேட்டார்.

"வலிக்கவே இல்ல. எவ்ளோனாலும் நடப்பேன்" என்றாள் அவள்.

"அவ வலிய அம்மா வாங்கிக்கிட்டா" என்றார் அந்தப் பெண். நாலைந்து பேர் நின்று கும்பிட்டார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெய்யாகவே கலங்கியது. ஆறு வருடப் பாடு காப்புகூட இல்லாமல் நடந்து வருகிறது என்று பார்த்தேன். போனை எடுத்து, அவர்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தேன். அங்கேயே நின்று குழுவில் போட்டேன். உடனே பூங்கொத்துகள் வந்தன. "வாரேன் மக்கா, நல்லா நட" என்று சொல்லிவிட்டு விரிப்பில் ஏறி நடையைக் கட்டினேன்.

அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் விரிப்பைத் தாண்டி வந்த இரண்டு பெண்கள் விழுந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் சூடு தாங்காமல் நுனிக்காலில் தாவுகிறார்கள். தாய் ஒரு காலைத் தூக்கி மற்றொரு காலின் மேல் வைத்திருக்கிறாள். பிள்ளை மட்டும் இரண்டு பாதத்தையும் கல்லில் முழுசாகப் பதித்து நின்று சிரிக்கிறாள். பதினாறு வருடம் கால்களைப் பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான். அன்று நான் முகத்தை மட்டும்தான் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே உள்ளங்காலில் கொப்புளம் வந்திருக்கிறது. நடந்ததால் வந்தது என்று தாய் நினைத்தாள். ஊரில் சுற்றுகிற எல்லாருக்கும்தான் கொப்புளம் வருகிறது. கொப்புளம் உடைந்ததும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். இந்த ஊரில் புண்ணுக்கும் சிரங்குக்கும் எல்லார் வீட்டிலும் செய்வதுதான், என் அம்மாவும் எனக்குச் செய்திருக்கிறாள். பிள்ளை வலிக்கிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. நேர்ந்ததை நடுவில் விடக்கூடாது என்று மிச்சமிருந்த நாட்களும் சுற்றினார்கள். நூற்றெட்டும் முடிந்தது.

நான் அந்த இரண்டு வாரமும், மையத்துக்கு வருகிற செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம், மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிற பிள்ளைகளைப் பார்க்கிற வேலையில் இருந்தேன். நடுவில் தபசு விடுமுறை வேறு. அவள் பயிற்சிக்கு வராததைக் கவனித்தேன், திருவிழாக் களைப்பு என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது தடவையும் வராததால், மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். பிள்ளை பாயில் படுத்திருந்தாள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் கொதித்தது. "ரெண்டு நாளா காய்ச்சல் டீச்சர். மாத்திர குடுத்தேன், கேக்கல" என்றாள் தாய். நான் போர்வையை விலக்குவதற்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது. வலது பாதத்தில் புற்றுமண் காய்ந்து ஓடு மாதிரி இருந்தது. அதைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தேன். அதற்குக் கீழே நான் பார்த்ததை எழுதப் போவதில்லை. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "வலிக்கல டீச்சர்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி.

ஆட்டோவில் இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு. எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். பாதத்தின் முன்பாதியை எடுத்தால்தான் மீதிக் கால் தப்பும், கால் தப்பினால்தான் பிள்ளை தப்பும் என்றார்கள். பெரிய டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, நிமிராமல், "உணர்ச்சி இல்லாத கால். வெறுங்காலோட நடக்க விடக்கூடாது, தினமும் பாக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா?" என்று கேட்டார்.

தாய் ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வகுப்புல சொல்லிருக்கோம் சார்" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் பதிவேட்டில் உள்ளதைப் பதிலாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகாவது திருத்தியிருக்கலாம். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காகிதத்தைப் புரட்டினார். தாயின் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது. பிறகு அவள் எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிற மாதிரி தரையைப் பார்த்தாள். "ஆமா சார், சொன்னாவ" என்றாள்.

மூன்று நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒருவர் விவரம் எழுத வந்தார். பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து அவளிடம் காட்டி, "இது நீங்க போட்ட கையெழுத்துதானே?" என்று கேட்டார். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி அவள் பெயரைப் போட்டிருந்தாள், பக்கத்திலேயே என் கையெழுத்தில் கால், தோல் பராமரிப்பு. "என் கையெழுத்துதான்" என்றாள். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. என்மேல் ஒரு குறையும் இல்லை என்று கோப்பில் எழுதிக்கொண்டு போனார்.

அந்தச் செய்தி அவள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. புருஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் கேட்க, "படிச்சவங்க படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காங்க. கையெழுத்தும் போட்டுட்டு வந்து, பிள்ளய வெறுங்காலோட வெயில்ல நடத்தியிருக்கா இவ. இவளெல்லாம் ஒரு தாயா?" என்றார். அவள் மாமியார் அதையே வேறு சொற்களில் சொன்னார், அவை இங்கே எழுதக் கூடியவை அல்ல. நான் தூணுக்கு அந்தப் பக்கம், கையில் இளநீரோடு நின்றிருந்தேன். இரண்டு அடி எடுத்து வைத்து, அந்தப் பாடத்தை நான் நடத்தவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்தேனா? அதுவும் உண்டு. அதைவிட, அந்தப் பெண்ணின் முன்னால் நான் யாராக ஆகிவிடுவேன் என்ற பயம்தான் பெரிது. இளநீரைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

காயம் ஆற நான்கு மாதம் ஆனது. பாதி பாதத்துக்குப் பழைய பூட்ஸ் சேரவில்லை. புதிதாக அளவெடுத்து எழுதி அனுப்பியிருக்கிறோம், இன்னும் வரவில்லை. இப்போது அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நாலு அடி வைப்பாள். ஆறு வருடம் முன்னால் எங்கே தொடங்கினோமோ கிட்டத்தட்ட அங்கே வந்து நிற்கிறோம். பந்தயம் கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் வகுப்புகள் மறுபடியும் ஆரம்பமாயின. நான் ஐந்தாவது படத்தையே முதலில் மாட்டினேன். யாரும் சுண்டலைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் பேசத் தொடங்குவதற்கு முன்னால் அந்தத் தாய் எழுந்துவிட்டாள். மகளைத் தூக்கி முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்து, சாக்ஸைக் கழற்றி, அந்தப் பாதத்தை எல்லாருக்கும் காட்டினாள்.

"டீச்சர் போன வருசமே இந்தப் படத்த காட்டி சொன்னாவ. நான் புத்தியில வாங்கல. நூலு நெனப்புல இருந்திருப்பேன். நீங்களாவது காது குடுத்து கேளுங்க" என்றாள்.

பிள்ளை நிமிர்ந்தாள். "இல்லம்மா. டீச்சர் அன்னைக்கி இந்தப் படத்த சொல்லல. பொரட்டிட்டாவ. என்னயத்தான் நடக்கச் சொல்லி வீடியோ எடுத்தாவ" என்றாள்.

தாயின் கை பிள்ளையின் முதுகில் விழுந்தது. "சும்மா இருட்டி! உனக்கு என்ன தெரியும்? சொன்னாவ. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றாள். திரும்பி என்னைப் பார்த்து, "சின்னப் பிள்ள டீச்சர், மனசுல வைக்காதிய" என்றாள்.

அறையில் பதினைந்து தாய்மார்கள் இருந்தார்கள். சுண்டலுக்காகச் சிரித்தவளும் இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று என்ன நடந்தது என்று அவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ, ஒருத்தரும் பேசவில்லை. பதிவேட்டில் தாங்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் குச்சியை எடுத்துப் படத்தின் மேல் வைத்துப் பாடத்தைத் தொடங்கினேன். நன்றாகவே நடத்தினேன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பிள்ளையின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். தாய் வெளியே குழாயடியில் நின்றாள். பிள்ளை தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"டீச்சர், நீங்க அன்னைக்கி சொல்லலதான?"

"ஆமா மக்கா. சொல்லல."

"பொறவு எல்லாரும் எங்க அம்மையத்தான் ஏசுதாவ. அப்பா பேசவே மாட்டேங்காவ. நீங்க அம்மட்ட சொல்லுங்க டீச்சர்."

"சொல்லுதேன்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். நான் சொன்னதையெல்லாம் நம்பி நடந்த பிள்ளை அது.

அதற்குப் பிறகு நான் அவள் தாயை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில், மையத்தில், ஒரு தடவை அவள் வீட்டுக்கே சொல்லத்தான் போனேன். காப்பி போட்டுக் கொடுத்தாள். "உங்களுக்குத்தான் எம்புட்டு அலச்சல், எங்களால" என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வருடமும் ஆடியில் கொடியேறியது. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, போனேன். போன வருடம் மாதிரியே வெயில், அதே நார் விரிப்பு, அதே நெரிசல். மண்டபத்து நிழலில், தூணில் சாய்ந்து, அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாக்கர் இருந்தது. மடியில் இரண்டு துணிப்பைகள். ஒன்றில் புளியங்கொட்டை, மற்றொன்றில் அவள் எண்ணிப் போட்டவை. தாய் ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் பிள்ளை ஒரு கொட்டையை எடுத்து அடுத்த பையில் போட்டாள்.

தாய் என்னைப் பார்த்துவிட்டு நின்றாள். வேர்த்து வடிந்தது, ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது.

"இந்த வருசம் ஆயிரத்தெட்டு டீச்சர்" என்றாள்.

"எதுக்கும்மா அவ்வளவு?"

"நீங்க சொன்னத கேக்காம பிள்ள கால தொலச்சேன்லா. அந்தப் பாவம் கழியணும். அம்மன்ட்ட மன்னாப்பு கேட்டுத்தான் சுத்துதேன்."

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள். நான் கூட நடந்தேன். அவள் விரிப்பில் ஏறவில்லை. இடமிருந்தும் ஏறவில்லை. போன வருடம் மகளை நடத்திய அதே ஓரத்தில், கல்லின் மேல், பாதத்தை முழுசாக ஊன்றி நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் பல்லைக் கடிப்பது தெரிந்தது. அவளுக்குக் காலில் உணர்ச்சி இருக்கிறது. நான் அவளுக்குப் பக்கத்தில் ஈர விரிப்பில் நடந்தேன். வாயைத் திறந்தேன். "வெயிலு ஜாஸ்தி, இங்கன ஏறி நடங்க" என்று மட்டும் வந்தது. அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சுற்றி வந்து மண்டபத்தைத் தாண்டும்போது பிள்ளை தாய்க்காக ஒரு கொட்டையை எடுத்துப் போட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் இன்னும் சொல்லப்போகிறேன் என்றே அவள் காத்திருந்தாள்.

"உங்களுக்கும் சேத்து எண்ணட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். தாய் அதற்குள் அடுத்த சுற்றுக்கு ஓரத்துக் கல்லில் இறங்கியிருந்தாள்.